லித்தியம் குளிசை எடுக்கத் தொடங்கியவர்களுக்கு: எச்சரிக்கை மாறும்போது என்ன செய்வது?

மனநலக் கிளினிக்கில் லித்தியம் எழுதிக் கொடுத்தால், அது நம் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு சின்னக் கடதாசி உறையில். மேலே பேனாவால் மருந்தின் பெயர், காலை எத்தனை, இரவு எத்தனை. அவ்வளவுதான். கம்பனி அச்சடித்து மடித்து வைக்கும் நீளமான விளக்கத்தாள் மருந்து கொடுக்கும் இடத்திலேயே தங்கிவிடும். வேறு பல குளிசைகளுக்கு இது பெரிய குறையில்லை. லித்தியத்துக்குக் குறைதான். அந்தத் தாளில் உள்ள எச்சரிக்கைகள் வருடங்கள் போகப் போகக் கூடுகின்றன, திருத்தப்படுகின்றன. தாளைப் பார்க்காதவருக்கு அது தெரிய வழியில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இந்தக் குளிசையைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் டொக்டரின் வேலை. அவருக்கு எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பது நம் வேலை.

முதலில் குளிசையின் குணம்

லித்தியம் ஒரு உப்பு. மனம் அளவுக்கு மீறி உச்சத்துக்குப் போவதும் பிறகு அடியோடு விழுவதுமாக வரும் இருதுருவ நோய்க்கு இது பழைய மருந்து, இன்னும் நல்ல மருந்து. தற்கொலை அபாயத்தைக் குறைக்கும் என்று நன்றாகத் தெரிந்த மிகச் சில மனநல மருந்துகளில் ஒன்று. பலன் தெரிய ஒன்றிரண்டு கிழமை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

சிக்கல் எங்கே என்றால், வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவு. இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை இருப்பது வழக்கமான எல்லை. அதற்குள் உங்களுக்கு எது சரி என்பதை டொக்டர் முடிவு செய்வார். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து வரலாம். வயதானவர்களுக்கு அதற்குக் குறைந்த அளவிலேயே நஞ்சு காட்டுவதும் உண்டு.

உடம்பு லித்தியத்தை உடைத்துச் செரிப்பதில்லை. கிட்டத்தட்ட முழுவதும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகமோ லித்தியத்தையும் சாப்பாட்டு உப்பில் உள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால், உப்பைக் காப்பாற்றுகிறேன் என்று லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் எடுத்த குளிசை அதே எண்ணிக்கைதான், ஆனால் இரத்தத்தில் அளவு ஏறிவிடும். கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகின்றன.

முதல் நாளே கொப்பியில் எழுத வேண்டியவை

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குளிசையின் முழுப்பெயர், ஒன்றில் எத்தனை மில்லிகிராம், சாதாரணக் குளிசையா மெதுவாகக் கரையும் குளிசையா, தயாரித்த கம்பனி. உறையில் இவை இல்லாவிட்டால் மருந்து கொடுப்பவரிடம் கேளுங்கள். அட்டையாகக் கொடுத்தால் அட்டையைப் போனில் படம் எடுங்கள். மெதுவாகக் கரையும் குளிசையை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

கம்பனி எதற்கு என்று சிலர் யோசிக்கலாம். எல்லாக் கம்பனிக் குளிசையும் உடம்பில் ஒரே வேகத்தில் கரைவதில்லை. மில்லிகிராமும் ஒன்றாக இருப்பதில்லை: இந்தியாவில் 300, 400 என்று கிடைக்கும், பிரித்தானியாவில் 200, 400 என்று கிடைக்கும். 2022-இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அனுப்பிய குளிசையில் காலம் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். மற்ற மருந்துகளுக்கு அது கைகொடுத்திருக்கும். லித்தியத்தில், ‘இங்கே இரண்டு போட்டேன், அதிலும் இரண்டு போடுகிறேன்’ என்பது வேறு அளவாகிவிடும். கம்பனி மாறினால் கிளினிக்கில் சொல்லி, இரத்தம் திரும்பப் பார்க்கவேண்டும்.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது

இலங்கையில் மருந்துகளைப் பதிவு செய்வதும், ஒரு தொகுதி மருந்தைத் திருப்பி எடுக்கச் சொல்வதும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பொறுப்பு. 2015-இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. அமெரிக்கா, பிரித்தானியா, ஐரோப்பா ஆகிய இடங்களின் அதிகாரசபைகளும் தங்கள் விளக்கத்தாள்களைத் திருத்தும். அந்தச் செய்திதான் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்ஸ்அப்பில் நமக்கு முதலில் வந்து சேர்கிறது, பெரும்பாலும் பாதி வெட்டுப்பட்ட படமாக.

லித்தியத்துக்கும் எச்சரிக்கைக்கும் உள்ள உறவு பழையது. 1949-இல் ஜோன் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இது மனநோய்க்கு உதவுகிறது என்று எழுதினார். அதே வருடம் அமெரிக்காவில் லித்தியம் குளோரைட்டைச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக விற்று, உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகள் அதைத் தாராளமாகப் போட்டுச் சாப்பிட்டு, சிலர் இறந்தே போனார்கள். அந்தப் பயத்தில் அமெரிக்கா இதை மருந்தாக அனுமதிக்க 1970 வரை ஆகிவிட்டது. அங்குள்ள விளக்கத்தாளின் உச்சியில் இன்றும் கட்டம் போட்டு அச்சடித்திருப்பது இதுதான்: நஞ்சாகும் அளவு மருந்தின் அளவுக்கு மிக அருகில் இருக்கிறது, இரத்த அளவை உடனுக்குடன் சரியாகப் பார்க்க வசதி இருக்கும் இடத்தில்தான் இதைத் தொடங்கவேண்டும்.

அந்த இரண்டாவது பாதியை வன்னியில் இருக்கும் நாம் கவனமாகப் படிக்கவேண்டும். முதல் நாளே கேட்டுவிடுங்கள்: லித்தியம் அளவு இந்த ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்களா, வெளியே அனுப்புவார்களா? முடிவு எத்தனை நாளில் வரும்? அளவு கூடியிருந்தால் எனக்கு யார் போன் எடுப்பார்கள்? கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. எந்த நல்ல டொக்டரும் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

புதிய எச்சரிக்கை கையில் கிடைத்தால்

முதல் விதி: குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செய்தியைப் பார்த்த பயத்தில் அன்றிரவே நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது, தற்கொலை எண்ணமும் வரலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றாலும் டொக்டர் அதைக் குறைந்தது நாலு கிழமை, முடிந்தால் மூன்று மாதம்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தே செய்வார். இதற்கு விதிவிலக்கு ஒன்றுதான், நஞ்சேறிய அறிகுறி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு, அது எந்த வகை எச்சரிக்கை என்று பாருங்கள். ஒரு தொகுதியைத் திருப்பி எடுக்கும் அறிவித்தல் என்றால் தொகுதி இலக்கம் வேண்டும். உறையில் வாங்கியவரிடம் அது இருக்காது. மிச்சக் குளிசையை உறையோடு எடுத்துக்கொண்டு வாங்கிய இடத்துக்கே போங்கள், மாற்றுக் குளிசை கையில் வந்த பிறகு பழையதைக் கொடுங்கள்.

புதிதாக ஒரு ஆபத்தைச் சேர்த்திருக்கிறார்கள் என்றால், அது உங்களைத் தொடுகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு உதாரணம். இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே குறையுள்ள ஒரு நோய் இருக்கிறது, புருகாடா என்று பெயர். அதுவரை தெரியாமல் இருந்த அந்த நோயை லித்தியம் வெளிக்கொண்டு வரலாம் என்று விளக்கத்தாளில் சேர்த்தார்கள். காரணமில்லாமல் மயங்கி விழுந்தவர்களும், குடும்பத்தில் யாரையாவது 45 வயதுக்கு முன் காரணம் தெரியாத திடீர்ச் சாவுக்குப் பறிகொடுத்தவர்களும் டொக்டரிடம் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் இளவயதுச் சாவுகளுக்குக் குறைவில்லை. யுத்தத்தில் போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர், இரவு படுத்தவர், காரணம் தெரியாமல் போனார் என்றால் அதைச் சொல்லுங்கள்.

இதேபோலப் பின்னாளில் அழுத்தம் கொடுத்துச் சேர்த்த இன்னொன்று, கழுத்தில் உள்ள இணைத்தைரொயிட்டுச் சுரப்பி கூடுதலாக வேலை செய்து இரத்தத்தில் கல்சியம் ஏறுவது. இதற்காகத்தான் இப்போது சிறுநீரகம், தைரொயிட்டு ஆகியவற்றோடு கல்சியத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். உங்கள் கொப்பியில் முதல் இரண்டும் இருந்து கல்சியம் இல்லாவிட்டால், அடுத்த முறை ‘கல்சியமும் பார்க்க வேண்டுமா டொக்டர்?’ என்று கேட்கலாம்.

மூன்றாவது வகைதான் நம் கண்ணுக்குத் தப்பும்: எச்சரிக்கை லித்தியத்தின் தாளில் வராமல் வேறொரு மருந்தின் தாளில் வருவது. எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய நீரிழிவுக் குளிசைகள் லித்தியத்தைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றி அளவைக் குறைத்துவிடலாம் என்று சில வருடங்களுக்கு முன் அந்தக் குளிசைகளின் தாளில்தான் சேர்த்தார்கள். மனநலக் கிளினிக்கில் இருப்பவருக்கு உங்கள் சீனி வியாதிக் குளிசை தெரியாது, சீனி வியாதிக் கிளினிக்கில் இருப்பவருக்கு உங்கள் லித்தியம் தெரியாது. இரண்டுக்கும் இரண்டு கொப்பி வைத்திருப்பவர்கள் எங்கே போனாலும் இரண்டையும் கொண்டு போங்கள். என்னைக் கேட்டால், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

இரத்தம் கொடுக்கும் 12 மணித்தியாலக் கணக்கு

கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலத்தில் எடுத்த இரத்தம்தான் கணக்குக்குச் சரி. முந்தி எடுத்தால் அளவு கூடவும், பிந்தி எடுத்தால் குறையவும் காட்டும். அதை வைத்து மாத்திரையளவை மாற்றினால் தவறான பக்கம் போய்விடும்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ முதல் பஸ் பிடித்துப் போய், துண்டு எடுத்து, வரிசையில் நின்று, ஊசி குத்தும்போது ஒன்பது மணியாகும் என்றால், முதல் நாள் இரவு ஒன்பதுக்குக் குளிசை. காலையிலும் குளிசை இருக்கிறவர்கள் அன்று அதைப் போடாமல் பையில் எடுத்துக்கொண்டு போய், இரத்தம் கொடுத்த பிறகு போடவேண்டும். பழக்கதோஷத்தில் விடியவே போட்டுவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள். வேறொரு நாள் வரச் சொல்வார்கள், அலைச்சல்தான், ஆனாலும் பிழையான ரிப்போர்ட்டை விட அது மேல். கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு, இரத்தம் எத்தனை மணிக்கு என்று இரண்டையும் கொப்பியில் எழுதிவிடுங்கள்.

தொடங்கியபோதும், அளவு மாற்றிய ஒவ்வொரு முறையும் ஒரு கிழமை கழித்துப் பார்ப்பார்கள். அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகு முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான முறை. உடம்புக்கு ஒன்றுமே இல்லாதபோது அளவு மட்டும் தாறுமாறாகக் கூடி வந்தால், எந்தக் குப்பியில் இரத்தம் எடுத்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க லித்தியம் ஹெப்பரின் போட்ட குப்பிகள் உண்டு. அதில் எடுத்தால் குப்பியின் லித்தியமும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும்.

வெயில், உப்பு, தண்ணீர்

வெளிநாட்டு விளக்கத்தாளில் ‘அதிகம் வியர்த்தால் கவனம்’ என்று ஒரு வரி இருக்கும். சிறுபோக வயலில் கச்சான் காற்றோடு நிற்பவருக்கு அந்த ஒரு வரி போதாது.

வியர்வையில் தண்ணீரும் உப்பும் இரண்டும் போகின்றன. அதனால் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருக்காமல் உப்புப் போட்ட மோர், கஞ்சி, தேசிக்காய்த் தண்ணீர் என்று இடையிடையே குடிக்கவேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்கவேண்டாம். முடிந்தால் உச்சி வெயில் வேலையை விட்டு விடியற்காலைக்கும் பின்னேரத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் உப்பு எப்போதும் போல இருக்கட்டும். இரத்த அழுத்தம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென உப்பை விட்டால் லித்தியம் ஏறும். திடீரெனக் கூட்டினால் இறங்கி, நோய் தலைகாட்டும். உப்பைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் மனநல டொக்டருக்கும் சொல்லி, இரத்தம் பார்த்துக் குறைக்கலாம். பிளேன்ரீ, கோப்பியும் அப்படித்தான்: நிறையக் குடித்துப் பழகியவர் ஒரேயடியாக விட்டால் அளவு கூடக்கூடும்.

விரதம் பிடிப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கந்தசஷ்டிக்குத் தண்ணீரோடு ஆறு நாள் இருப்பதும், நோன்பு மாதத்தில் பகல் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பதும், மடுவுக்கோ வற்றாப்பளைக்கோ வெயிலில் நடந்து போவதும் இந்தக் குளிசையோடு விளையாடும் விஷயங்கள். சிலருக்கு நேரத்தை மாற்றி ஒழுங்கு செய்யலாம், சிலருக்கு முடியாது என்றே சொல்வார்கள். பேதிக்குக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை அடியோடு விட்டுவிடவேண்டும். நீர் நன்றாகப் போகட்டும் என்று காய்ச்சிக் கொடுக்கும் நெருஞ்சில், நீர்முள்ளிக் கசாயமும் டொக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

லித்தியம் எடுக்கும் சிலருக்குத் தாகமும் சிறுநீரும் மிகக் கூடும். இரவில் எழும்ப அலுத்து, தண்ணீரைக் குறைப்பார்கள். குறைக்கவே கூடாது, டொக்டரிடம் சொல்லவேண்டும். வவுனியாவின் சில பகுதிகள் உட்பட, காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள ஊர்களில் இருப்பவர்கள், எந்த ஊர், எந்தக் கிணற்றுத் தண்ணீர், வீட்டில் யாருக்காவது சிறுநீரகம் பழுதா என்பதை லித்தியம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பல வருடம் எடுக்கும்போது லித்தியமே சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால், இரண்டும் ஒன்றாக வந்தால் பரிசோதனையை அடிக்கடி செய்யவேண்டி வரும்.

கடையில் கேட்டு வாங்கும் குளிசைகள்

நாரி நோ, மூட்டு நோ, பல்லு நோ என்றால் பாமசியில் இரண்டு குளிசை கேட்டு வாங்குவது நமக்குப் பழக்கம். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், மாதவிடாய் வலிக்கு எடுக்கும் மெஃபெனமிக் அசிட், இவை எல்லாம் லித்தியத்தை ஏற்றிவிடும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பனடோல் எடுக்கலாம். டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்கு அது மட்டும்தான் என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள், ஆகவே புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

உடம்பில் ஷெல் துண்டோடும், கால் இழந்த வலியோடும் வருடக்கணக்காக நோக்குளிசையில் வாழ்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு லித்தியம் தொடங்கினால், ‘வேறு குளிசை எடுக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்றே சொல்வார். அதை அவர் மருந்தாகவே நினைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் வீட்டார்தான் சொல்லவேண்டும்.

பிரசர் குளிசைகளில் எனலாப்ரில், கப்டோப்ரில், லொசார்ட்டன் ஆகியவையும், நீர் போகக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதையசைட்டும் அளவைக் கூட்டும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் கூட்டலாம். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் தியோஃபிலின் குறைக்கும். டொக்டர் தெரிந்தே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அப்போது இரத்தம் அடிக்கடி பார்ப்பார். அவருக்குத் தெரியாமல் சேருவதுதான் ஆபத்து.

பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கர்ப்பமாகும் முன்பே சொல்லுங்கள். வயிற்றுப் பிள்ளையின் இதயத்தைப் பாதிக்கும் வாய்ப்பு முன்பு பயந்ததை விடக் குறைவு என்று பின்னாளில் தெரிந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. கர்ப்பம் என்று தெரிந்த நாளில் பயந்து குளிசையை எறிவதும் பிழை. தாய்ப்பாலிலும் இது போகும் என்பதால் அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்கு

கை விரல் லேசாக நடுங்குவது இந்தக் குளிசையோடு பலருக்கு வரும். நடுக்கம் பெரிதாகி ரீக் கோப்பை சிந்தினால், நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால், தூங்கித் தூங்கி விழுந்தால், தசை துடித்தால், வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால், அது நஞ்சேறும் அடையாளமாக இருக்கலாம். வெளியே பார்ப்பவர் குடித்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வீட்டார் அப்படி நினைக்கக் கூடாது.

அடுத்த வேளைக் குளிசையைப் போடாமல் உடனே போங்கள். கிட்ட உள்ள ஆஸ்பத்திரி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். கடுமையான நஞ்சுக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்படும், அதைத் தாமதித்தால் நடையும் பேச்சும் நிரந்தரமாகக் கெடலாம். 1990-க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளினிக் கொப்பி, குளிசை உறை, கடையில் வாங்கிய மற்றக் குளிசைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ‘லித்தியம் எடுக்கிறவர்’ என்பது வாசலிலேயே சொல்லவேண்டிய முதல் வார்த்தை.

வேறு காரணத்தால் வயிற்றோட்டமும் வாந்தியும் வந்தாலும் இதேதான். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்துக் கொடுத்துக்கொண்டே, குளிசையை நிறுத்தி வைப்பதா என்று அன்றே கேளுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவேண்டாம்.

வீட்டில் வைத்திருப்பது

ஒரு வேளை மறந்தால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது. விட்டது விட்டதுதான்.

கார்த்திகை, மார்கழி மழையில் குளம் வான் பாய்ந்து பாதை மறிபடும். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பிக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்கமாட்டோம். ஐப்பசிக் கிளினிக்கிலேயே ஒன்றிரண்டு கிழமைக்குக் கூடுதலாகக் கேட்டு, பொலித்தீனில் சுற்றிக் கொப்பியோடு வையுங்கள். ஆனால் வீட்டில் லித்தியம் நிறைய இருப்பதும் நல்லதல்ல. மனம் உடைந்த நேரத்தில் ஒரு பிடி அள்ளிப் போட்டால் உயிர் போகும். ஆகவே கூடுதல் குளிசையைப் பூட்டி, திறப்பை வீட்டில் பொறுப்பான இன்னொருவர் வைத்திருக்கட்டும். ஒரு கிழமைக்கு வேண்டியதை மட்டும் வெளியே எடுத்துக் கொடுக்கட்டும். அப்படியான எண்ணம் வருகிறது என்று அவர் வாய்விட்டுச் சொன்னால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல், தேசிய மனநல நிறுவனத்தின் 1926-க்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம்.